கீழ்ப்படியாத பொருள்: நாயும் குழந்தையும் காட்டுயிரும் ஒளிப்படமாகும்போது

ஒளிப்படத்தைக் கலையாகக் கொண்டு ஆராயும் விமர்சகர் போரையும் வறுமையையும் நகரையும் நிலக்காட்சியையும் பற்றி நிறையவே எழுதியுள்ளனர். நாய், குழந்தை, மான், பறவை ஆகியவை பெரும்பாலும் ஆர்வலர் கைக்கே விடப்பட்டுள்ளன. இவை நாட்காட்டிக்கும் வாழ்த்து மடலுக்கும் உரியவை என்ற எண்ணம் வேரூன்றியுள்ளது. அவ்வெண்ணத்துக்கு நியாயம் இல்லாமலும் இல்லை. ஓய்வு நாளிற் கமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே புறப்படும் ஒருவர் முதலிற் படமெடுப்பது தம் வீட்டு நாயை. பின்னர் தம் பிள்ளைகளை. கையிற் சிறிது பணம் சேர்ந்து நீண்ட வில்லை ஒன்றை வாங்கிவிட்டாராயின் அடுத்த பயணம் காட்டுக்கு. அவர் எடுத்துக் குவித்த படங்களை ஒரு மாலை முழுவதும் இருந்து பார்க்க நேர்ந்தவர்கள் அவற்றுட் பலவற்றின் வெறுமையை நன்கறிவர்.

ஆயினும், இம்மூன்றும் ஒருங்கே ஆர்வலரை ஈர்ப்பது ஏன் என்னும் வினா தட்டிக்கழிக்கத் தக்கதன்று. அவை அழகானவை என்பது வழக்கமான விடை. மலரும் மலையும் அழகானவையே. ஆனால் அவை நின்ற இடத்தில் நின்று படத்துக்கு இடங்கொடுப்பவை. நாயும் குழந்தையும் காட்டுயிரும் சொற்கேளாதவை. 'இப்படித் திரும்பு, சற்றே சிரி' என்னும் கட்டளை அவற்றிடம் செல்லாது. செல்லுமிடத்தும் விளைவது பெரும்பாலும் பொய்யாகவே இருக்கும். எனவே இவற்றைப் படமெடுக்க முனைபவர் எதையேனும் கொடுத்தோ, அதட்டியோ, மறைந்திருந்தோ, காத்திருந்தோதான் தம் படத்தைப் பெற வேண்டியவராகிறார். அதற்காகிய சிரமத்தை ஏற்றவர் யார், படமெடுத்தவரா படமெடுக்கப்பட்டவரா என்பது படத்திலேயே பதிந்துவிடுகிறது. இத்துறைப் படங்களை மதிப்பிடுவதற்கு ஒளி, அமைப்பு, கூர்மை முதலியவற்றினும் இதுவே தக்க அளவுகோல் என்பது இக்கட்டுரையின் துணிபு.

கீழ்ப்படிதல் கட்டாயமாயிருந்த காலமொன்று உண்டு. ஜூலியா மார்கரெற் கமெரன் என்னும் பெண்மணி 1863 ஆம் ஆண்டின் இறுதியில், தமது 48 ஆவது வயதில், மகளும் மருமகனும் பரிசாக அளித்த கமராவைக் கொண்டு இக்கலையிற் புகுந்தார். அக்காலத்து ஈரக் கொலோடியன் முறையில், கண்ணாடித் தகட்டில் ஈரம் உலருமுன் படத்தை எடுத்துக் கழுவிவிடல் வேண்டும். எதிரே இருப்பவர் நிமிடக் கணக்கில் அசையாதிருத்தலும் வேண்டும். இங்கிலாந்தின் வைற் தீவில் அவர் கையிற் சிக்கிய பிள்ளைகள் தேவதூதர்களாகவும் புராண மாந்தர்களாகவும் நிறுத்தப்பட்டனர். 1872 இல் எடுக்கப்பட்ட 'நான் காத்திருக்கிறேன்' என்ற படத்திலே, பறவைச் சிறகுகள் பொருத்தப்பெற்ற சிறுமி ஒருத்தி கைகளை மடித்து அவற்றின்மேல் முகத்தைச் சாய்த்திருக்கிறாள். அவள் முகத்தில் இருப்பது தெய்விகம் என்று சொல்ல என் மனம் இடந்தரவில்லை. அது தெளிவான சலிப்பு. எப்போது விடுவார்கள் என்ற சலிப்பு. படத்தின் தலைப்பு தன்னையறியாமலே உண்மையைக் கூறிவிடுகிறது. கமெரன் திட்டமிட்ட பக்தியுணர்வைக் காட்டிலும் அவர் திட்டமிடாத இச்சலிப்பே அப்படத்தை இன்றும் உயிருடன் வைத்திருக்கிறது.

இதே கமெரன் 1875 இல் இலங்கையிற் குடியேறினார். கணவருக்கு இங்கே தோட்டங்கள் இருந்தன. 1879 இல் இந்நாட்டிலேயே காலமானார். இங்கு அவர் எடுத்தனவாக எஞ்சியுள்ள படங்கள் மிகச் சிலவே. இங்கிலாந்திலே ரெனிசனையும் டார்வினையும் ஹெர்ஷலையும் பெயர் குறித்துப் படமாக்கியவர், இலங்கையிலே தோட்டத் தொழிலாளரையும் கிராமத்தவரையும் பெரும்பாலும் பெயரின்றியே நிறுத்தியிருக்கிறார். வைற் தீவிலே குழந்தையை அசையாது நிற்கச் செய்தது பாசமும் அதட்டலும். இங்கே தோட்டத் துரைசானியின் முன் தொழிலாளியை அசையாது நிற்கச் செய்தது எது என்பதை இச்சஞ்சிகையின் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை.

உலர்தகடும் கைக்கு அடக்கமான கமராவும் வந்தபின் நிலைமை மாறியது. ஒரு கணத்தின் சிறு கூறு போதுமென்றான பின்னர், குழந்தை நிற்கத் தேவையில்லை, ஓடலாம். இம்மாற்றத்தின் பிள்ளை என்றே ஜாக் ஆன்றி லார்த்திக்கைக் கூறலாம். 1894 இற் பிறந்த அவருக்கு 1902 இல் தந்தையார் கமரா வாங்கிக் கொடுத்தார். 1904 இல், செவிலித்தாய் எறிந்த பந்தை நோக்கி எம்பும் 'சிசி' என்னும் பூனையை எடுத்தார். 1905 இல், வீட்டின் வெளிப்படிக்கட்டிலிருந்து தாவிக் காற்றில் மிதக்கும் ஒன்றுவிட்ட சகோதரியை எடுத்தார். இப்படங்களில் எவரும் கட்டளைக்குப் பணியவில்லை. படமெடுப்பவனும் அவ்விளையாட்டிற் பங்காளி, அவனுக்காகவே தாவுகிறார்கள், தாவுவதில் அவர்களுக்கும் மகிழ்ச்சி. ஆனால் அத்தோட்டத்து மதிலுக்கு அப்பால் உள்ள பாரிஸ் இப்படங்களிற் காணப்படாது. செல்வக் குடும்பமொன்றின் ஓயாத விடுமுறை அது. 1963 இல் நியூ யோர்க் நவீன கலை அரும்பொருட்சாலை அவரைக் காட்சிப்படுத்தியபோது, எதனையும் கல்லாது கண்டெடுத்த குழந்தை மேதையாக அவரைப் போற்றினர். அது சற்று மிகையே. தாவும் நாயையும் பாயும் குதிரையையும் கணப்பொழுதிற் பதிவுசெய்தல் அக்காலத்து ஆர்வலரிடையே பெருவழக்காயிருந்தது. லார்த்திக் அவ்வழக்கின் மிகச் சிறந்த விளைவு. அதற்குப் புறம்பானவர் அல்லர்.

மதிலுக்கு வெளியே உள்ள குழந்தைகளைக் காண ஹெலன் லெவிற்றிடம் வரவேண்டும். இத்துறையில் ஒருவரை மட்டுமே தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் அவரையே தேர்வேன். 1913 இல் புரூக்ளினிற் பிறந்தவர். 1937 அளவில் நியூ யோர்க்கின் வறிய பகுதியொன்றிற் சிறுவர்க்கு ஓவியம் கற்பிக்கச் சென்றபோது, தெருவிலும் சுவரிலும் அவர்கள் சோக்கட்டியால் வரைந்தவை அவர் கண்ணில் பட்டன. லெய்க்கா கமராவுடன் அத்தெருக்களிற் பல ஆண்டுகள் அலைந்தார். 1943 இல் குழந்தைகள் பற்றிய அவரது படங்கள் நவீன கலை அரும்பொருட்சாலையிற் காட்சிக்கு வந்தன.

அவருடைய படங்களிலே குழந்தைகள் 'அழகாக' இல்லை. முகம் அழுக்கு, சட்டை கிழிசல், சில வேளைகளில் முரட்டுத்தனமும் உண்டு. ஆனால் அவர்கள் தம் காரியத்தில் ஈடுபட்டிருக்கிறார்கள். 1940 அளவில் எடுத்த படமொன்றிலே, கண்ணாடி உடைந்துபோன பெரிய சட்டமொன்றைச் சிறுவர் இருவர் தூக்கிப் பிடித்திருக்க, வெறுமையான அச்சட்டத்தினூடே சைக்கிளில் இருக்கும் சிறுவன் ஒருவன் தெரிகிறான். சுற்றிலும் பெரியவர்கள் தத்தம் அலுவலில் இருக்கின்றனர். ஓவியக் கல்லூரியிற் பயின்ற ஒருவர் இத்தகைய அமைப்பைத் திட்டமிட்டால் அது வலிந்து செய்யப்பட்டதென உடனே தெரிந்துவிடும். இங்கே அது தெருவே நிகழ்த்திய விபத்து. இன்னொரு படத்தில் வீட்டு வாசற்படிகளில் மூன்று பிள்ளைகள் முகமூடி அணிந்து புறப்படுகின்றனர். ஒன்று இன்னும் முகமூடியைச் சரிசெய்துகொண்டிருக்கிறது. ஒன்று படிச்சுவரிற் சாய்ந்து உலகத்தை எடைபோடுகிறது. விளையாட்டு என்பது பெரியவர்களுக்கு ஓய்வு; பிள்ளைகளுக்கோ அது தொழில். இதனை லெவிற்றைப்போல் அறிந்து படமாக்கியவர் சிலரே. அவரது நூலுக்கு முன்னுரை எழுதிய ஜேம்ஸ் ஏஜியும் இப்படங்களை வெறும் பதிவாகக் கருதாது கவிதையாகவே கருதினார்.

இங்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. லெவிற் தமது கமராவிற் செங்கோணத் துணைக்கருவி ஒன்றைப் பொருத்தியிருந்தார். அவர் ஒரு திசையை நோக்கி நிற்பது போலத் தோன்றும். படம் பதிவதோ பக்கவாட்டிலிருந்து. ஆகவே பலர் தாம் படமெடுக்கப்படுவதை அறியார். இது ஏமாற்றன்றோ என்று கேட்பது முறையே. ஏழைகளின் பிள்ளைகள், அவர்கள் அறியாமல், பின்னர் அரும்பொருட்சாலைச் சுவரில். இவ்வினாவுக்கு லெவிற்றின் படங்கள் முழுமையான விடை தருவதாக நான் கூறேன். ஆனால் மறைந்திருந்து பார்ப்பவரின் நோக்கம் அவர் எக்கணத்திற் பொத்தானை அழுத்துகிறார் என்பதில் வெளிப்படும். அவமானத்தின் கணத்தையும் இரக்கத்துக்குரிய கணத்தையும் அவர் தேடியதில்லை. பிள்ளைகள் தம் முழு வல்லமையோடு நிற்கும் கணங்களையே தேர்ந்தார். இதே தந்திரத்தை இன்று கையாளும் ஆர்வலர் வேறொன்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1940 இல் ஒரு படம் அச்சாகி ஒருவர் கண்ணில் படச் சில ஆண்டுகள் சென்றன. இன்று அது அப்பிள்ளை வீடு திரும்புமுன் ஆயிரம் பேரைச் சென்றடைகிறது. தெருவிற் கமராவுடன் நிற்கும் அந்நியரைத் தாய்மார் ஐயத்துடன் நோக்குவதில் வியப்பில்லை. தவிரவும், தெருவும் முன்போல் இல்லை. தொலைக்காட்சி வந்தபின் பிள்ளைகள் உள்ளே போய்விட்டார்கள் என்று பிற்காலத்தில் லெவிற்றே கூறியதுண்டு.

நாய் குழந்தையினும் எளிய பொருள் எனப் பலர் கருதுவர். நாய்க்கு நாணமில்லை, பெற்றோரின் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இதனாலேயே நாய்ப் படங்களிற் பெரும்பான்மையானவை மலிவான நகைச்சுவையாகச் சரிந்துவிடுகின்றன. மூக்குக்கண்ணாடி அணிந்த நாய், தொப்பி போட்ட நாய் முதலியன. வில்லியம் வெக்மன் 1970 களிலிருந்து தம் வைமரானர் இன நாய்களை வேடமிட்டுப் படமெடுத்தது கூட, என் நோக்கில், அந்நாய்களின் அபாரமான பொறுமையைப் பற்றிய ஆவணமே. அவை கமெரனின் சிறகு தரித்த சிறுமிக்கு உறவு.

எலியற் ஏர்விற் வேறொரு வழி சென்றார். பாரிசிற் பிறந்து அமெரிக்காவிற் புகழ்பெற்று 2023 இல் மறைந்த இவர், தொழின்முறைக் கலைஞராக விளம்பரங்களும் அரசியற் படங்களும் எடுத்தவர். நாய்களையோ பெரும்பாலும் தமக்காக எடுத்தார். சம்பளத்துக்கு எடுப்பதும் விருப்பத்துக்கு எடுப்பதும் வேறுவேறு என்பதில் அவர் உறுதியாயிருந்தார். அவ்வகையில் அவருள் வாழ்ந்த ஆர்வலரே நமக்கு முக்கியமானவர். 1974 இல் நியூ யோர்க்கில் எடுத்த படமொன்று பலரும் அறிந்தது. தொப்பியும் மேலங்கியும் அணிந்த மிகச் சிறிய நாய். நடுவே ஒரு பெண்ணின் நீண்ட சப்பாத்துகள். அருகே இன்னும் இரு கால்கள், சற்று நிதானித்துப் பார்த்தால் அவை பெருநாயொன்றின் முன்னங்கால்கள். மனிதருக்கும் பெரிய நாய்க்கும் தலையில்லை. முகம் உள்ளவர் ஒருவரே, அவர் அச்சிறு நாய். தொப்பி இங்கும் உண்டு. ஆனால் அதனை மாட்டிவிட்டவர் ஏர்விற் என்று படம் சொல்லவில்லை. அவ்வேடம் மனிதர் நாயின்மேற் சுமத்திய வேடமாகவே தெரிகிறது. இப்படத்தின் இரகசியம் உயரம். ஏர்விற் கமராவைத் தரைக்கு இறக்கினார். நின்றபடியே கீழ்நோக்கி எடுக்கும் படத்தில் நாய் எப்போதும் நம் அடிமை. மண்டியிட்டு எடுக்கும்போது நாம் அதன் உலகின் விருந்தாளி. முழங்கால் அழுக்காவது ஒன்றே செலவு. நாயின் கவனத்தைப் பெற அவர் தாமே குரைப்பதும் ஊதுகுழலை ஒலிப்பதும் உண்டென்பர். அதுவும் ஒரு தந்திரமே. எனினும் வீதியிற் கேலிக்கு உள்ளாகுபவர் அவரேயன்றி நாயன்று.

காட்டுயிரைப் பொறுத்தவரை இவ்வினா கடுமையடைகிறது. இத்துறை வேட்டையின் வயிற்றிற் பிறந்தது. ஆங்கிலத்திற் படமெடுப்பதற்கும் சுடுவதற்கும் ஒரே சொல் வழங்குவதைப் பலர் சுட்டிக்காட்டியுள்ளனர். கமராவுக்கும் துப்பாக்கிக்கும் உள்ள உறவைச் சூசன் சொன்ராக் 1977 இல் விரிவாகவே விவாதித்தார். தமிழும் இதற்கு விலக்கன்று. நாம் படம் 'பிடிக்கிறோம்'. மீனும் பிடிக்கப்படுவது, கள்வனும் பிடிக்கப்படுபவன். ஆனால் விரும்புதலையும் அதே சொல்லாற் குறிக்கிறோம் என்பது சிறு ஆறுதல்.

பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஜோர்ஜ் ஷைராஸ் (1859–1942) வழக்கறிஞர், சில காலம் காங்கிரஸ் உறுப்பினர், தீவிர வேட்டைக்காரர். துப்பாக்கியை வைத்துவிட்டுக் கமராவை எடுத்தவர். இரவில் தோணியின் முகப்பில் விளக்கேற்றி, ஏரிக்கரையில் நிற்கும் மானின் கண்கள் ஒளிர்வதை இலக்காகக் கொண்டு நெருங்கும் முறையை வட அமெரிக்கப் பழங்குடியினரான ஒஜிப்வேயரின் வேட்டையிலிருந்து பெற்றார். நெருங்கியதும் அம்புக்குப் பதிலாக மக்னீசியப் பொடி வெடித்துப் பேரொளி பரவும். 1906 ஜூலையில் நஷனல் ஜியோகிறபிக் சஞ்சிகை அவருடைய 74 படங்களை வெளியிட்டது. சஞ்சிகை படப்புத்தகமாகிவிட்டதென்று சங்கத்தின் ஆட்சிக் குழுவினர் இருவர் பதவி விலகினர். இன்று அவ்விருவரையும் எண்ணிச் சிரிக்கிறோம். அச்சஞ்சிகை எத்திசையிற் செல்லப்போகிறது என்பதை அவர்கள் சரியாகவே கண்டுகொண்டார்கள்.

1902 இல் ஒன்ராறியோவின் லூன் ஏரிக்கரையில் அவர் எடுத்த காட்டுப்பூனையின் படம் அபூர்வமானது. முழுக் கருமை, அதன் நடுவே வெண்மையாய் அமர்ந்த லிங்ஸ், கீழே நீரில் அதன் நிழல். அழகிற் குறையே இல்லை. அவ்வழகு, என்னவென்று அறியாத ஓர் ஒளியின் முன் திகைத்து நிற்கும் உயிரின் அசைவின்மையிலிருந்து பிறக்கிறது. துப்பாக்கியைத் துறந்தமைக்காக ஷைராசுக்கு நாம் நன்றி கூறலாம். வேட்டைக்காரனின் நிலையை அவர் துறக்கவில்லை என்பதையும் கூறவேண்டும். கயிற்றில் இரையைக் கட்டி, விலங்கு அதனை இழுக்கையில் தானே தன் படத்தை எடுத்துக்கொள்ளும் முறையையும் அவரே கையாண்டார்.

ஏறத்தாழ இதே காலத்தில் இங்கிலாந்தில் கியர்ட்டன் சகோதரர் எதிர்த்திசையிற் சென்றனர். 1895 இற் பறவைக் கூடுகள் பற்றிய தம் நூலை முழுவதும் இயற்கைச் சூழலில் எடுத்த ஒளிப்படங்களாலேயே நிறைத்த இவர்கள், பறவை வெருளாதிருக்கும் பொருட்டுப் போலிக் காளையொன்றைச் செய்து அதன் வயிற்றினுள் கமராவுடன் நின்றனர். மணிக்கணக்கில், வெயிலில், தோல் நாற்றத்தில். ஷைராசின் லிங்ஸ் படத்தின் மாட்சி இவர்களின் கூட்டுப் படங்களுக்கு இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் கண் கூசியது அங்கே விலங்குக்கு; இடுப்பு நொந்தது இங்கே மனிதருக்கு.

இன்றைய கருவிகள் இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகின்றன. விநாடிக்கு 20 படங்களும் அதற்கு மேலும் எடுக்கும் கமராக்கள் வந்துள்ளன. 2019 முதல் விலங்கின் கண்ணைத் தானே தேடிக் குவியப்படுத்தும் வசதியும் பரவிவிட்டது. நாய் ஓடிவரும்போது கண்ணைக் கூர்மையாகப் பிடிப்பது முன்னர் பல்லாண்டுப் பயிற்சியின் பேறு. இன்று அது பொத்தானின் வேலை. இதனை வெறுமனே பழிப்பது வீண். ஆனால் எல்லாப் படங்களும் கண்ணை நோக்கி ஒடுங்கிவருவதை நாம் கவனிக்க வேண்டும். நாயாயினும் கழுகாயினும் சிறுத்தையாயினும் நம்மையே பார்க்கிறது. பின்னணி மங்கிக் கரைகிறது. அது என்ன செய்துகொண்டிருந்தது, எந்நிலத்தில் நின்றது என்பன மறைந்துபோகின்றன. விலங்குகளை நாம் பார்ப்பது பெருகப் பெருக, அவற்றுக்கும் நமக்கும் இடையிலான உண்மையான நோக்கு அற்றுப்போனதென்று ஜோன் பேர்ஜர் 1977 இலேயே வாதிட்டார்.

தமிழ் மாணவர்க்கு இங்கே நினைவு வரவேண்டியது தொல்காப்பியர் வகுத்த கருப்பொருள். மாவும் புள்ளும் நிலத்தோடும் பொழுதோடும் ஒட்டியே அங்கு வருவன. களிறு தன் பிடியின் பசி தீர்க்க மரப்பட்டையைப் பிளக்கும் காட்சியைக் குறுந்தொகையில் தோழி காட்டும்போது, அக்களிறு தலைவியைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அது தன் வேலையைப் பார்க்கிறது. அதனாலேயே அதன் செயல் பொருளுடையதாகிறது. அப்புலவரின் கண், கூர்மையான கண்மணியைத் தேடும் கண்ணன்று.

கண்ணின் வேட்கை எங்கே கொண்டுசெல்லும் என்பதற்குச் சான்றுகள் உள. இலண்டன் இயற்கை வரலாற்று அரும்பொருட்சாலை நடத்தும் உலகப் புகழ்பெற்ற போட்டியில் 2009 ஆம் ஆண்டின் முதற்பரிசு, மரவேலிக் கதவைத் தாண்டிப் பாயும் ஓநாயின் படத்துக்கு வழங்கப்பட்டது. அது பழக்கப்பட்ட ஓநாயாகவே இருத்தல் வேண்டுமென நடுவர் முடிவுசெய்து 2010 ஜனவரியிற் பரிசைப் பறித்தனர். படமெடுத்தவர் அதனை மறுத்தார். படத்தில் ஒரு புள்ளியும் மாறவில்லை. நேற்று வியந்தவர்கள் இன்று வெறுத்தனர். உருவத்தை மட்டும் மதிப்பிட்டாற் போதுமென்னும் கொள்கையினர் இதற்கு எவ்வாறு விளக்கங்கூறுவர் என்பது எனக்கு விளங்கவில்லை.

நம் நாட்டிலும் 1938 இல் தேசிய பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்ட யாலவில், சிறுத்தை தென்பட்டதென்ற செய்தி பரவியதும் ஜீப்புகள் புழுதி எழ ஒன்றன்பின் ஒன்றாய் ஓடிக் கூடுவதும் வழியை மறிப்பதும் பல்லாண்டாகப் பேசப்பட்டுவரும் குறை. உடவளவையில் வீதியோர மின்வேலி அருகே பயணிகள் நீட்டும் பழத்துக்காக யானைகள் காத்துநிற்கும் காட்சியையும் பலர் படமெடுத்துச் செல்கின்றனர். சிறுத்தை மரக்கிளையில் தனித்திருப்பதாகவே படம் காட்டும். நீண்ட வில்லை ஜீப்புகளை வெட்டிவிடும். அழகிய படங்கள் பல இவ்வாறு கிடைத்துள்ளன. அவற்றை எடுத்தவர்கள் பெரும்பாலும் விலங்குகளை மெய்யாகவே நேசிப்பவர்கள் என்பதிலும் எனக்கு ஐயமில்லை. அதுவே இச்சிக்கலைக் கடினமாக்குகிறது.

ஆர்வலர் சங்கங்களின் கண்காட்சிகளிலே படத்தின் கீழ் வில்லையின் நீளத்தையும் ஷட்டரின் வேகத்தையும் எழுதிவைக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. எவ்வளவு நேரம் காத்திருந்தார், இரை வைத்தாரா, சுற்றிலும் எத்தனை வாகனங்கள் நின்றன, குழந்தையாயின் அதன் தாய் அறிவாளா என்பவற்றையும் அதே சிறிய எழுத்தில் அங்கே எழுதிவைக்கலாம்.